கணினியின் மின்னூட்டுப் பெட்டி: அதன் நோயறியும் முறை

நோய் ஓரிடத்திலிருக்க மருந்து வேறோரிடத்திற் பூசப்படுதல் மாந்தர்க்கு மட்டும் நேர்வதன்று. வீட்டிலிருக்கும் மேசைக் கணினிக்கும் அஃது அடிக்கடி நேர்கின்றது. அதிலும் மின்னூட்டுப் பெட்டியின் நோய் தன் பெயரால் வெளிப்படுவதேயில்லை. மதர்போர்டின் நோய் போலவும், ராமின் நோய் போலவும், ஹார்டு டிஸ்கின் நோய் போலவும், சிற்சில வேளை வைரஸ் போலவும் அது வேடமிட்டு வரும். இதனை அறியாமையால் நம்மவர் வீண்செலவு செய்வதும், நல்ல பொறிகளைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புவதும், அவற்றினுள் இருந்த அரிய எழுத்துக்களை இழப்பதும் கண்டு, இப்பொருள்பற்றி யான் அறிந்த சிலவற்றை ஈண்டு எழுதத் துணிந்தேன்.

2022ஆம் ஆண்டு ஐப்பசித் திங்களில், என் பழைய மாணவியார் ஒருவர் பாளையங்கோட்டையிலுள்ள என் இல்லத்திற்கு வந்தார். நெல்லைக் கால்வாயின் பாசனக் குளங்களில் வண்டல் படிந்து நீர்க்கொள்ளளவு குறைந்து வருதலை ஆராய்ந்து, முனைவர் பட்டத்திற்கு ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தவர் அவர். நான்காண்டுகள் குளம் குளமாக நடந்தெடுத்த அளவைகளும், நிலப்படங்களும், எழுதி முடித்த மூன்று இயல்களும் அவர் வீட்டுக் கணினி ஒன்றிலேயே இருந்தன. அக்கணினியோ, இரண்டு திங்களாக, எழுதிக்கொண்டிருக்கும்போதே சொல்லாமற் கொள்ளாமல் அணைந்துபோவதாயிற்று. கடையொன்றிற் கொடுத்தார். மதர்போர்டு பழுதென்று கூறி அதனை மாற்றினர், பின்னும் அணைந்தது. ராம் பழுதென்று கூறி அதனையும் மாற்றினர், பின்னும் அணைந்தது. புதுக் கணினியே வாங்கிவிடுங்கள் என்பது மூன்றாம் முறை கிடைத்த மறுமொழி. “ஐயா, புதிது வாங்கக் கையிற் பணமில்லை. பழையதில் இருப்பது போய்விடுமோ என்று இரவில் உறக்கமும் இல்லை” என்றார்.

“எப்பொழுது அணைகின்றது, அம்மா?” என்று யான் வினவினேன். “நினைத்த நேரத்தில் அணைகின்றது, ஐயா” என்றார். பழுதுபார்ப்போர் அனைவரும் கேட்கும் விடை இதுவே. ஆனால் இதனை அப்படியே ஏற்றுக்கொள்ளலாகாது. பொறிகள் நினைப்பதில்லை. ஆகவே, ஒரு தாளிற் கடந்த பத்து நாட்களில் அணைந்த வேளைகளையும், அவ்வேளையிற் செய்துகொண்டிருந்த வேலையினையும் நினைவிலிருந்து எழுதச் செய்தேன். எழுதி முடிக்குமுன் அவரே தலைநிமிர்ந்து, “பெரும்பாலும் மாலையில்தான், ஐயா. இடி மழைக்குக் கரண்டு போய் இன்வெர்ட்டர் பிடிக்கும்போது. இல்லையெனில் நிலப்பட வேலை செய்யும்போது” என்றார். நோயிற் பாதி அவ்விரண்டு தொடர்களில் வெளிப்பட்டுவிட்டது. அஃது எங்ஙனமென விளங்குதற்கு அப்பெட்டியின் உள்ளமைப்பை ஒருவாறு அறிதல் வேண்டும்.

கடைக்காரர் எஸ்.எம்.பி.எஸ். என்று வழங்கும் அப்பெட்டி, கேபினட்டின் பின்புறத்தே மேலோ கீழோ அமைந்து, ஒரு விசிறியும் பல நிறக் கம்பிக் கற்றையும் உடையதாய் இருக்கும். நம் வீட்டிற்கு வரும் மின்சாரம் 230 வோல்ட்டு அழுத்தமுள்ள மாறுதிசை மின்சாரம். விநாடிக்கு 50 சுற்று உடையது. பாபநாசத்து நீர்மின் நிலையம் 1944இல் இயங்கத் தொடங்கிய நாள்முதல் இவ்வட்டாரத்தார் நன்கறிந்த பொருள் அது. விளக்கும் விசிறியும் அதனை அங்ஙனமே ஏற்கும். கணினியின் சில்லுகளோ ஏலா. அவற்றிற்கு வேண்டுவது 12, 5, 3.3 வோல்ட்டு அளவினதாய், சிறிதும் அலையாத நேர்திசை மின்சாரம். பெருவெள்ளத்தைப் பயிருக்கு வேண்டும் அளவினதாக்கி விடுவதே அப்பெட்டியின் தொழில்.

வெள்ளமென்று யான் கூறியது வெறும் உவமை நயத்திற்காகவன்று. தாமிரபரணியின்மீது கோடைமேலழகியான் முதல் திருவைகுண்டம் ஈறாக எட்டு அணைக்கட்டுகள் உள. அவற்றுட் சுத்தமல்லி அணைக்கட்டினின்று பிரியும் நெல்லைக் கால்வாய் நயினார்குளம் முதலிய குளங்களை நிறைக்கின்றது. கால்வாயில் எந்நாளும் நீர் ஓடுவதில்லை; ஓடும் நாளில் நிறைந்த குளம், ஓடா நாளில் வயலைக் காக்கின்றது. மின்னூட்டுப் பெட்டியுள்ளும் இத்தகைய குளங்கள் உள. அவையே கெப்பாசிட்டர்கள், அதாவது மின்தேக்கிகள். மாறுதிசை மின்சாரம் விநாடிக்கு 100 முறை வற்றிப் பெருகும். அதனை முதலில் ஒருதிசைப்படுத்தி ஒரு பெரிய மின்தேக்கியில் நிரப்புகின்றனர். அதில் ஏறத்தாழ 325 வோல்ட்டு அழுத்தம் நிற்கும். அங்கிருந்து டிரான்சிஸ்டர்கள் விநாடிக்குப் பல்லாயிரம் முறை மடை திறந்து மூடுவதுபோல் மின்சாரத்தை வெட்டி வெட்டிச் சிறு டிரான்ஸ்பார்மர் ஒன்றிற்கு அனுப்ப, அது அழுத்தத்தைக் குறைக்க, அப்பால் வேறு சில சிறு மின்தேக்கிகள் அலையை அடக்கிக் கணினிக்கு ஈகின்றன.

இனி, குளம் தூர்வதுபோல் மின்தேக்கியும் தூர்வதுண்டு. அதனுள்ளிருக்கும் ஒருவகைத் திரவம் வெப்பத்தால் மெல்ல மெல்ல உலரும். உலர உலரக் கொள்ளளவு குறையும், உள்தடை மிகும். வெப்பம் பத்துப் பாகை மிகின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர் கைக்கொள்ளும் பொதுக்கணக்கு. சித்திரை வெயிலிற் காற்றோட்டமில்லாத மேசையறைக்குள் கேபினட்டைச் செருகி, அதன்மேல் நூல்களையும் அடுக்கி வைக்கும் நம் வழக்கத்திற்கு இக்கணக்கு எவ்வளவு பகையென்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. 2000ஆம் ஆண்டினை ஒட்டிய சில ஆண்டுகளில், திரவக் கலவையிலேயே பிழையுற்ற மின்தேக்கிகள் உலகெங்கும் பரவி, எண்ணிறந்த கணினிகள் இளமையிலேயே மாண்டன. அவற்றின் மேல்மூடி உப்பித் தோன்றும். ஆயினும் உப்பாமலே உலர்வனவும் உள. வெளித்தோற்றம் கண்டு நலமென்று தீர்ப்பளித்தல் தகாது.

தூர்ந்த குளத்தினைக் கரையில் நின்று காண்பவனுக்கு அது நிறைகுளமாகவே தோன்றும். மடை திறந்தபின் சின்னாளிலே தரை தெரியும். பெட்டியின் நோயும் இத்தகையதே: வேலையின்றி இருக்கும்போது அளந்தால் அழுத்தம் சரியாகவே காட்டும், பாரம் ஏறியபோதுதான் குறையும். இதனை யான் சொல்லக்கேட்டு அம்மாணவியார் நகைத்து, “என் ஆய்வேட்டை எனக்கே படித்துக் காட்டுகின்றீர்கள், ஐயா” என்றார்.

இன்வெர்ட்டர் மாறும் கணத்தில் அணைவதும் இதனாலேயே. மின்சாரம் நின்றபின் பாட்டரியினின்று மின்சாரம் வருவதற்குள் ஒரு சிறு இடைவெளி உண்டு. யு.பி.எஸ். கருவிகளில் அது பெரும்பாலும் 10 மில்லி விநாடிக்கு உட்பட்டது. விளக்கு ஒருமுறை சிமிட்டும். விசிறி அறியவும் அறியாது. நலமுள்ள மின்னூட்டுப் பெட்டி முழுப் பாரத்திலும் ஏறக்குறைய 16 மில்லி விநாடி தாங்க வேண்டுமென்பது விதி. வீட்டுக் கணினியின் பாரம் பெரும்பாலும் அரைப் பாரத்திற்குக் கீழாதலின், இன்னும் மிகுதியாகவே தாங்கும். பெரிய மின்தேக்கி உலர்ந்துவிட்டால் இத்தாங்குதிறன் போய்விடுகின்றது. அப்பொழுது யு.பி.எஸ். பாட்டரியை மாற்றுவார் பலர். பாட்டரி மாற்றியும் பயனில்லாமை கண்டு மின்வாரியத்தை வைவார் சிலர்.

ஈண்டு ஒன்று கூறல் வேண்டும். 2012ஆம் ஆண்டினை ஒட்டி நம் மாவட்டங்களில் மின்வெட்டு நாள்தோறும் பல மணி நேரம் நீடித்தபோது, இன்வெர்ட்டர் வீடுதோறும் புகுந்தது. மலிவான இன்வெர்ட்டர்களுட் பல சதுர அலை மின்சாரம் தருவன. புதுவகை மின்னூட்டுப் பெட்டிகளுட் சில அதனை ஏற்காமல் முனகும், அல்லது அணைந்துவிடும். மேலும், பல இன்வெர்ட்டர்களிற் கணினிக்கென ஒரு முறையும் பிற கருவிகளுக்கென ஒரு முறையும் வைத்து, இடையே ஒரு சிறு ஸ்விட்ச் அமைத்திருப்பர். பின்னதில் மாற்றத்திற்குக் கூடுதல் நேரமாகும். ஆகலின் பெட்டியைப் பழிக்குமுன் அந்த ஸ்விட்ச் எம்முறையில் உள்ளதென நோக்குக. அம்மாணவியார் வீட்டில் அது கணினி முறையிலேயே இருந்தது. அடுத்த வீட்டாரின் கணினியை அதே இன்வெர்ட்டரில் இணைத்து, மெயின் ஸ்விட்சை மும்முறை அணைத்துப் பார்த்தோம். அஃது ஒருமுறையும் அணையவில்லை. எனவே இன்வெர்ட்டர் குற்றமற்றதாயிற்று.

நிற்க. நோயறியப் புகுமுன் செய்யத்தக்க கருமம் ஒன்றுண்டு. அதனை யான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அது நகலெடுத்தல். ஹார்டு டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் அறுபட்டால் எழுதிய பகுதி சிதைவதுண்டு. 12 வோல்ட்டு குறைந்தால் டிஸ்க் டக் டக்கென ஒலித்து நின்று நின்று சுழலும். நோயுற்ற பெட்டியை வைத்துக்கொண்டு பத்துமுறை அணைத்தும் ஏற்றியும் சோதிப்பது, அந்த டிஸ்கைப் பத்துமுறை வதைப்பதாகும். ஆகவே அன்றிரவே டிஸ்கைக் கழற்றி என் கணினியிற் பூட்டி, ஆய்வேடு முழுவதையும் இரண்டு படி எடுத்தோம். ஒன்று அவரிடமும் மற்றொன்று என்னிடமும் இருந்தன. அதன்பின்னரே சோதனை தொடங்கிற்று.

சோதனைக்கு ஓர் ஒழுங்கு உண்டு: சுவரிலிருந்து உள்நோக்கிச் செல்லுதல். பிளக் பாயிண்டில் வேறொரு கருவியை இணைத்துப் பார்க்க. தளர்ந்த பாயிண்டும், பொரியும் எக்ஸ்டென்ஷன் பெட்டியும் எத்துணைக் கணினிகளுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்துள்ளன! பின்பு கணினிக்குச் செல்லும் மின்கம்பியை மாற்றுக. பெட்டியின் பின்புறமுள்ள ஸ்விட்சை நோக்குக. கேபினட்டின் முகப்பிலுள்ள பொத்தான் அமுங்கியே சிக்கிக்கொண்டிருந்தாலும் கணினி சில விநாடிகளில் அணையும்.

அடுத்து, வேடதாரிகளை வேறு பிரித்தல். நீலத்திரை தோன்றிப் பிழைச்செய்தி காட்டி நின்றால், ராமையோ மென்பொருளையோ முதலில் ஐயுறுக. ஒரு செய்தியுமின்றி விளக்கணைந்தாற்போல் இருண்டால், மின்னூட்டுப் பெட்டியையும் வெப்பத்தையும் ஐயுறுக. வெப்பம் என்றது, பிராசசரின்மேல் உள்ள விசிறியில் தூசியடைந்து, அது தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைவதை. அணைந்தபின் உடனே ஏற்றினால் மீண்டும் விரைவில் அணைந்து, ஆறவிட்டு ஏற்றினால் நெடுநேரம் ஓடுமாயின் அது பெரும்பாலும் வெப்பமே. மார்கழி விடியலில் ஏற மறுத்து, நாலைந்து முறை பொத்தானை அழுத்தியபின் ஏறி, ஏறியபின் நாளெல்லாம் ஓடுமாயின், உலர்ந்த மின்தேக்கியை ஐயுறுக. குளிர்ந்த நிலையில் அதன் உள்தடை மிகுதி. விண்டோஸ் தன் நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் ‘கர்னல்-பவர் 41’ என்று எழுதி வைப்பதைக் கண்டு, பெட்டியின் குற்றம் நிறுவப்பட்டதெனச் சிலர் மகிழ்வர். முறைப்படி அணைக்கப்படவில்லை என்பதற்கு மேல் அக்குறிப்பிற்குப் பொருளில்லை.

இனி அளத்தல். ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். மதர்போர்டில் செருகியுள்ள 24 முனைச் செருகியின் பின்புறத்தே, கம்பி நுழையுமிடத்தில் மீட்டரின் சிவப்பு முனையைத் தொட்டு, கறுப்பு முனையை ஏதேனும் ஒரு கறுப்புக் கம்பியில் வைக்க. மஞ்சட் கம்பி 12 வோல்ட்டு, சிவப்பு 5, ஆரஞ்சு 3.3. (புதுப்பெட்டிகள் சிலவற்றில் எல்லாக் கம்பியும் கறுப்பாயிருக்கும், அவற்றில் முனைகளின் வரிசை கொண்டே அறிய வேண்டும்.) இம்மூன்றும் 5 விழுக்காட்டிற்கு மேல் ஏறவும் இறங்கவும் கூடாது: அதாவது 12 வோல்ட்டு 11.40க்குக் கீழும் 12.60க்கு மேலும் போதல் ஆகாது. 5 வோல்ட்டு 4.75க்கும் 5.25க்கும் இடைப்பட்டிருக்க வேண்டும். ஊதாக் கம்பியில் கணினி அணைந்திருக்கும்போதும் 5 வோல்ட்டு இருக்கும்; அஃது இல்லையேல் முகப்புப் பொத்தானை எத்துணை அழுத்தினும் பயனில்லை. சாம்பல் நிறக் கம்பி ஒரு தூதுவன். உள்ளழுத்தங்கள் நிலைபெற்ற பிறகு, 100 முதல் 500 மில்லி விநாடிக்குள் ‘எல்லாம் சரி’ என்று 5 வோல்ட்டால் அது செய்தி சொல்லும். அச்செய்தி வராதவரை மதர்போர்டு விழித்தெழாது. விசிறிகள் சுழல, திரை மட்டும் இருண்டிருக்கும் நிலைக்கு இத்தூதுவனின் மௌனமும் ஒரு காரணம்.

பலர் செய்யும் சோதனை ஒன்று: செருகியை மதர்போர்டினின்று கழற்றி, பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் ஒரு சிறு கம்பித் துண்டால் இணைத்தல். பெட்டியின் விசிறி சுழன்றால் பெட்டி நன்றெனக் கொள்வர். விசிறி சுழலாவிட்டாற் பெட்டி பெரும்பாலும் செத்தது என்று கொள்ளலாம்; சுழன்றால் அது நன்று எனக் கொள்ளலாகாது. கரையில் நின்று குளத்தைப் பார்த்த கதை அது. எங்கள் சோதனையில், கணினி சும்மா இருந்தபோது மஞ்சட் கம்பி 12.03 காட்டிற்று. கடைக்காரர் கண்டதும் இவ்வெண்ணாகத்தான் இருந்திருக்கும். அவர்மீது எனக்குச் சினமில்லை. நிலப்படங்களைக் கோக்கும் மென்பொருளை ஓட்டச் செய்தேன். 11.7, 11.4, 11.2. அப்பால் மீட்டரைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, திரை இருண்டது.

இதன்மேலும் ஐயமறுக்க ஒரே வழி, நலமென்று அறிந்த வேறொரு பெட்டியைப் பூட்டிப் பார்த்தலே. ஆய்வகத்தினின்று ஒன்றைக் கொணர்ந்து பூட்டினோம். ஐந்து நாட்கள் ஓடிற்று, ஒருமுறையும் அணையவில்லை. மெயின் ஸ்விட்சை அணைத்தும் பார்த்தோம். இன்வெர்ட்டர் பிடித்தது, கணினி அசையவில்லை. மதர்போர்டுக்கும் ராமுக்கும் அவர் முன்னர் ஈந்த பொருளிற் பாதிக்கும் குறைவாகவே புதுப்பெட்டிக்குச் செலவாயிற்று. வாங்கும்போது யான் சொன்ன அறிவுரை, பெட்டியைக் கையில் தூக்கிப் பார் என்பதே. 450 வாட்டு என்று மேலே அச்சிட்டுக் காகிதம்போற் கனமின்றி இருப்பதில் உள்ளீடு குறைவென்று கொள்ளலாம். 2004இல் தொடங்கிய 80 பிளஸ் என்னும் திறன்முத்திரை பெற்றதாயின் ஓரளவு நம்பலாம்.

ஒரு கடுமையான எச்சரிக்கை. பெட்டியின் மூடியைத் திருகாணி கழற்றித் திறக்கும் ஆசை மாணவர்க்கு இயல்பு; அதனை அடக்குக. மேலே கூறிய 325 வோல்ட்டு, மின்கம்பியைப் பிடுங்கியபின்னும் அம்மின்தேக்கியுள் தங்கியிருக்கக்கூடும். உயிரை வாங்கப் போதுமானது. பல்லி புகுந்து கருகியதென்று வாசனையால் அறிந்தாலும் திறவற்க, மாற்றிவிடுக. இதனோடு சேர்த்து இன்னொன்று: கேபினட்டைத் தொட்டால் விரலில் விர்ரென்று உணர்ச்சி தோன்றுகின்றதென்று பலர் கூறுவர். அது பெட்டியின் நோயன்று. வீட்டில் எர்த் கம்பி இல்லாமையின் அல்லது அறுந்தமையின் அடையாளம். மின்னிரைச்சலை வடிக்கும் சிறு மின்தேக்கிகள் வழியே ஒரு சிறு மின்சாரம், போக்கிடமின்றிக் கேபினட்டில் நிற்கின்றது. மின்பணியாளரை அழைத்து எர்த்தைச் சீர்செய்தல் வேண்டும். மூன்று முனைப் பிளக்கின் ஒரு முனையை ஒடித்து இரு முனைப் பாயிண்டிற் செருகும் வழக்கத்தையும் விடல் வேண்டும்.

பழைய பெட்டியை, பயிற்சியுடைய எம் ஆய்வகத் துணைவர் முறைப்படி மின்னிறக்கம் செய்து திறந்தார். பெரிய மின்தேக்கியின்மேல் 330 மைக்ரோபாரடு என்று பொறித்திருந்தது. உப்பவில்லை, கசியவில்லை, பார்வைக்குப் புதிது போன்றே இருந்தது. மீட்டர் 131 காட்டிற்று. அவ்விரண்டு எண்களையும் அம்மாணவியார் தம் குளங்களின் அளவைப் பட்டியலின் ஓரத்திற் பென்சிலால் குறித்துக்கொண்டார்.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களிற் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்டபோது, சிந்துபூந்துறையிலிருந்த அவர் வீட்டினுள் இடுப்பளவு நீர் புகுந்தது. புதுப்பெட்டியும் கணினியும் ஒருங்கே மூழ்கின. நீர் வடிந்தபின் பலர் தம் கணினிகளை வெயிலில் உலர்த்தி ஏற்றிப் பார்த்தனர். மூழ்கிய மின்னூட்டுப் பெட்டியை அங்ஙனம் ஏற்றுதல் கூடவே கூடாது. நீர் உலர்ந்தாலும் சேறு உள்ளே தங்கி, ஈரம் பட்டபோதெல்லாம் மின்கடத்தும். அவர் அதனை ஏற்றவில்லை. டிஸ்கிலிருந்தும் ஒன்றும் எடுக்க முற்படவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. அவர் கையிலிருந்த படி வீட்டோடு நனைந்துபோயிற்று. பாளையங்கோட்டையில் என் அலமாரியில் இருந்த படி உலர்ந்தே இருந்தது. தை மாதத்தில் வந்து அதனைப் பெற்றுச் சென்றார். ஆய்வேடு 2024ஆம் ஆண்டு பங்குனியில் அளிக்கப்பட்டது.